சுழியமும் கோடும்

மாதம் பிறந்து எட்டாம் தேதிக்குள்
முப்பத்தோரு ஆலைகள் எனக்குக் கணக்கு அனுப்ப வேண்டும்.
முப்பது அனுப்பிவிடும்.
ஹீதாவேசி மட்டும் தொலைபேசியில் சொல்லும்.
தாள் செய்கிறவனுக்குத் தாள் நிரப்பக் கசக்கும்
என்பார் ஓஸ்மோ கெட்டுனென்.

பத்தொன்பது வருடம் அந்தக் குரல்.
முகம் தெரியாது.
முதலில் டன், பிறகு ஏரி.
"செய்தித்தாள், பதினெட்டாயிரத்து நானூறு.
ஏரி இன்னும் உறையவில்லை."
"பதினாறாயிரத்துச் சொச்சம்.
நேற்று ஒருவன் பனிவண்டியோடு உள்ளே போய்விட்டான்.
ஆள் பிழைத்தான்.
வண்டிக்குத்தான் இன்னும் தவணை பாக்கி."
டன்னைக் குறித்துக்கொள்வேன்.
என் அட்டவணையில் ஏரிக்குப் பத்தி இல்லை.

எழுதும் தாள், அச்சுத் தாள், செய்தித்தாள் இந்தப் பக்கம்;
அட்டை அந்தப் பக்கம்.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது
முன்னது மலை,
பின்னது அதன் அடியில் ஒரு கொட்டகை.
பிறகு ஹெல்சிங்கி டிராம்களில் எல்லோரும்
செய்தியை விரலால் தள்ளப் பழகினார்கள்.
செருப்பை, விளக்கை, நாய்த்தீனியை
வாசலுக்கே வரவழைக்கப் பழகினார்கள்.
எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி வேண்டியிருந்தது.
வரைபடத்தில் தாள் தாழ,
அட்டை அட்டையைப் போலவே ஏறிற்று,
ஓசையில்லாமல், ஈரம் தேடி.
இரண்டும் வெட்டிக்கொண்ட மாதத்தில்
என் மகளுக்குச் சின்னம்மை. விடுப்பில் இருந்தேன்.
அந்தப் புள்ளியை வேறு யாரோ வைத்தார்கள்.

ஓஸ்மோவின் ஆலையில் இரண்டு இயந்திரங்கள்.
இரண்டாவதை அட்டைக்கு மாற்றப் பணம் வந்தது.
முதலாவதற்கு வரவில்லை.

மார்ச்சில் அழைத்தார்.
"செய்தித்தாள், நானூற்றிருபது."
"டன்தானே?"
"கிலோ.
குழாய்க்குள் கொஞ்சம் கூழ் தங்கிவிட்டது.
வீணாக்குவானேன் என்று பையன்கள் கடைசியாக ஒருமுறை ஓட்டினார்கள்.
ஒரு சுருள்கூட முழுசாக வரவில்லை."
ஏரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

எங்கள் அலகு ஆயிரம் டன்.
விதி இரண்டே வரி:
ஒன்றுமே இல்லாவிட்டால் கோடு.
இருந்தும், அரை அலகுக்குக் குறைந்தால் சுழியம்.
சுழியம் என்றால் இல்லை என்று நினைப்பவர்கள்
அடிக்குறிப்பைப் படிக்காதவர்கள்.

சுழியம் போட்டேன்,
வெளியே போகாத, எங்கள் அலமாரிக்கு மட்டுமான
ஆலைவாரிப் பக்கத்தில்.
"கோடுதானே வர வேண்டும்?
அந்த இயந்திரத்தைத்தான் நிறுத்தியாகிவிட்டதே"
என்றார் ஸ்டோல்பே, எனக்கு மேலதிகாரி, என்னைவிட இளையவர்.
"நானூற்றிருபது கிலோ இருக்கிறது" என்றேன்.
என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.
காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரலில் வேறு குரல், ஓர் இளம்பெண்.
படிவத்தை இணையத்திலேயே நிரப்பிவிட்டாளாம்,
சரியா என்று கேட்க அழைத்தாள்.
அட்டை இருபத்தொன்பதாயிரம்.
செய்தித்தாள் கட்டம் காலி.
கோட்டை நானே இழுத்தேன்.
"ஏரி உருகிவிட்டதா?" என்றேன்.
கொஞ்சம் மௌனம். விசைகள் தட்டும் சத்தம்.
"மன்னிக்கவும், அது எத்தனையாவது கேள்வி?"

ஆண்டு முடிவில் வானொலி சொன்னது:
தேசத்தின் தாள், அட்டை உற்பத்தி
இரண்டு சதவீதம் உயர்வு.
என் எண்தான். பிழை ஒன்றும் இல்லை.
பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.
சன்னலுக்கு வெளியே பிர்ச் மரத்தின் இலையில்லாத கோட்டில்
பனி ஒரு விரற்கடை உயரத்துக்குச் சேர்ந்திருந்தது.

அந்த வாரம் நான் கேட்டிருந்த பூட்ஸ் வந்தது.
மூன்று ஜோடி கொள்ளும் பெட்டி.
காலி இடத்தில் கசக்கித் திணித்த தாள்,
அச்சேறாத செய்தித்தாள், பழுப்பு சாயல்.
எந்த ஆலை, எந்த மாதம்
என்று தாள் சொல்லாது.
மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினேன்.
மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன்.
முப்பத்தெட்டு கிராம்.
விதிப்படி சுழியம்.

பூட்ஸ் காலுக்குச் சேரவில்லை.
அதே பெட்டியில் திருப்பி அனுப்பினேன்,
தாளை மட்டும் எடுத்துக்கொண்டு.